பாஞ்சாலையின் பந்தியில் வெள்ளை எலிகள்

விஞ்ஞானத்துக்கு எத்தனையோ வகையில் கேடு வரலாம். கரண்ட் நின்றுபோகும், பணம் வராது, மேலே இருப்பவர் பொறாமைப்படுவார். திருவண்ணாமலையில் அதற்குக் கேடு வந்தது ஒரு நல்ல மனுஷியால். அவள் பெயர் பாஞ்சாலை. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கோபம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். கொஞ்சம் ஆறப்போட்டால் அவள் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

அடி அண்ணாமலையில் பிறந்து, இருசப்பனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள் அவள். இருசப்பன் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பாஞ்சாலை செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெருக்குவாள், இலை நறுக்குவாள், பந்தி பரிமாறுவாள். பேர் வாங்கியது பரிமாறுவதில்தான். தாசில்தார் இலைக்கும் தவில்காரர் இலைக்கும் அவள் கரண்டி ஒரே அளவில்தான் கவிழும். ஒருமுறை மாப்பிள்ளையின் மாமா இன்னொரு ஜாங்கிரி கேட்டு இலையைத் தட்டியிருக்கிறார். "கடைசி எலை வரைக்கும் போய்ட்டு வர்றேன். மிச்சம் இருந்தா எல்லாருக்கும் இன்னொண்ணு, இல்லாட்டி யாருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாளாம். சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அவள் மசியவில்லை.

"பந்தி வஞ்சன மட்டும் பண்ணவே கூடாதுங்க. ஒரே வரிசையில ஒக்காந்தவங்கள்ல ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்கு விட்டா, பரிமாறினவங்க வயித்துல நோவு வந்துடும்னு எங்கம்மா சொல்லும்" என்பாள்.

நோவு வந்தது. அவள் வயிற்றில் இல்லை, இருசப்பன் வயிற்றில். குடலில் காசநோய். மருந்து சாப்பிட்டு நோய் போனது, ஆனால் புண் ஆறிய இடத்தில் தழும்பு கட்டியது. தழும்பு கையில் இருந்தால் பார்க்க நன்றாக இராது, அவ்வளவுதான். குடலில் கட்டினால் குழாய் இறுகிச் சுருங்கும், சோறு நகராது. ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் மறுபடியும் தழும்பு. ஒரு காலத்தில் பந்தியில் உட்கார்ந்தால் சமையல்காரரைக் கவலைப்பட வைத்த மனுஷன், வடிகட்டின கஞ்சிக்கு வந்துவிட்டார். ஓட்டல் வாசலில் நின்று சாம்பார் வாசனை பிடித்துவிட்டுப் போவார். "இன்னிக்கு வாசன கொஞ்சம் ஜாஸ்தியா சாப்ட்டுட்டேன்" என்று வயிற்றைத் தடவிக்கொள்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பாஞ்சாலை சிரிக்க மாட்டாள். எப்போதோ, எந்தப் பந்தியிலோ, ஒரு இலையைத் தெரியாமல் தாண்டிவிட்டோம் என்பது அவள் முடிவு. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இருசப்பன் ஒரு நாள் பந்தியில் உட்கார்ந்து ஒரு முழு இலை சாப்பிட வேண்டும்.

இதற்கிடையில் அந்த மண்டபத்துக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது. அங்கே தாலி கட்ட வந்த மாப்பிள்ளைகளில் மூன்று பேர், முகூர்த்தத்துக்கு முன்பே பின்வாசல் வழியாக மலைக்கு ஓடிச் சாமியாராகிவிட்டார்கள். இந்த ஊரில் அது அதிசயமில்லை. ஆனால் மூன்றும் ஒரே மண்டபம், ஒரே பின்வாசல். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தத் தெருவையே தவிர்த்தார்கள். மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது.

எழுபத்தொன்பதில் முதலாளியின் மகன் டாக்டர் சக்கரவர்த்தி வெளிநாட்டிலிருந்து திரும்பினார். குடல் தழும்புதான் அவர் படிப்பு. தழும்பு கட்டாமல் தடுக்க ஒரு வெள்ளைத் தூள் வைத்திருந்தார். மதராஸில் ஒரு கமிட்டி அதைச் சோதித்துப் பார்க்கப் பணம் கொடுத்தது. இடம் தேடியவருக்கு அப்பாவின் மண்டபம் அகப்பட்டது. மணமகள் அறையில் மைக்ராஸ்கோப் வந்தது. மணமகன் அறையில் மருந்து அலமாரி வந்தது. வேலூரில் ஸ்லைடு போடக் கற்றுக்கொண்ட ராஜமாணிக்கம் என்பவன் வேலைக்கு வந்தான். அது நான். மண்டபத்தோடு கூட பாஞ்சாலையும் வந்தாள்.

டாக்டர் செய்த தப்பு, எலிக் கூண்டுகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தது. மேஜைகள் ஏற்கனவே எதிரும் புதிருமாக இரண்டு வரிசையாகக் கிடந்தன. கூண்டுகளை அவற்றின் மேல் வைத்துவிட்டார். எல்லா எலிகளுக்கும் குடலில் புண் உண்டாக்கியாயிற்று. இனி கிழக்கு வரிசைக்குத் தூள் கலந்த மாவு உருண்டை, மேற்கு வரிசைக்கு வெறும் மாவு உருண்டை. புண் ஆறுவதில் இரண்டு வரிசைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி.

"இவங்களுக்கு மருந்து. இவங்களுக்கு இல்ல. புரியுதா?" என்றார் டாக்டர்.

பாஞ்சாலை இரண்டு வரிசையையும் பார்த்தாள். கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு அவை எல்லாம் அவளையே பார்த்தன.

"இவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

"யாரும் தப்புப் பண்ணல. அது முறை."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். முறை என்று அவர் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதையும், பிடிக்காத இடத்தில் அவள் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் ஆகவேண்டியதைப் பார்ப்பாள் என்பதையும் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

கெடு முடிந்ததும் எலிகளைக் கொன்று குடலை எடுத்தோம். அன்றைக்கு மட்டும் பாஞ்சாலை வேலைக்கு வரவில்லை. குடலை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. தழும்பின் நார் நீலமாகவும் நல்ல சதை சிவப்பாகவும் தெரியும். நானே சொல்லக்கூடாது, ஆனால் என் நீலத்தைப் பார்த்து வேலூரில் பெரிய டாக்டர்களே பாராட்டியிருக்கிறார்கள். மேற்கு வரிசை ஸ்லைடுகளில் நீலம் திட்டுத் திட்டாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு வரிசையிலும் லேசான நீலக் கீற்று, அதோடு சரி.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "மாணிக்கம், சாயம் பழசா?"

இதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். புதுப் புட்டி வரவழைத்து எல்லாவற்றையும் மறுபடியும் செய்தேன். அதே கதை. மருந்து தின்றதற்கும் தின்னாததற்கும் வித்தியாசமே இல்லை என்றால் மருந்து உதவாது என்றுதான் அர்த்தம். டாக்டர் அப்படியே மதராஸுக்கு எழுத உட்கார்ந்தார். முகம் தொங்கிவிட்டது. அப்போது பாஞ்சாலை டீ கொண்டுவந்தாள்.

"இன்னாங்கய்யா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"மருந்து வேல செய்யல பாஞ்சால."

"அப்பிடிச் சொல்லாதீங்க. ரெண்டு வரிசையும் எம்மா துள்ளு துள்ளிக்கினு இருந்துச்சு!"

"அதுதான் தப்பு. மேற்கு வரிசைக்கு மருந்தே கெடையாது. அது ஏன் துள்ளணும்?"

"கெடையாதா? குடுத்தேனே" என்றாள் பாஞ்சாலை.

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். அவள் சற்றும் கூசாமல், பெருமையாகவே விளக்கினாள். மருந்து மாவையும் வெறும் மாவையும் ஒரே குண்டானில் கொட்டிப் பிசைந்து, ஒரே அளவில் உருட்டி, இரண்டு வரிசைக்கும் போட்டிருக்கிறாள். "சாவும்போது ரெண்டு வரிசையும் ஒண்ணாத்தான சாவுது? துண்ணும்போது மட்டும் எதுக்குங்க வஞ்சன?"

நான் கத்தினேன். அவளால் என் சாயத்தின் மேல் விழுந்த பழியை நினைத்துக் கத்தினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "மாணிக்கம் சாருக்கும் ஒரு டீ கொண்டாறேன்" என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. அவளை உட்காரவைத்து, ஒரு வரிசைக்கு மருந்து இல்லாமல் இருந்தால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும் என்று நிதானமாகச் சொன்னார். "மேற்கு வரிசைய விட்டாத்தான் ஒரு நாள் உன் வீட்டுக்காரனுக்கு இந்த மருந்து கைக்கு வரும்" என்றார். அது மட்டும் அவளுக்குள் போனது. எலிகள் புதிதாக வந்தன. இந்தத் தடவை தீனி போடும் வேலை எனக்கு. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"அந்த வெறும் உருண்டைல ஒண்ணுமே இல்லீங்களா, சார்?"

"ஒண்ணும் இல்ல."

"வெறும் எலையப் போட்டாக்கூட ஒக்காந்தவங்க வயிறெரிஞ்சு எழுந்து போய்டுவாங்க. இருக்கறாப்ல காட்டி ஏமாத்தறது அத விட பாவம்."

நான் தீனித் தட்டோடு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தேன்.

அந்தத் தடவை நீலம் வந்தது. மேற்கு வரிசைக் குடலில் நீலம் அடை அடையாக அப்பியிருந்தது. கிழக்கில் கீற்றுத்தான். டாக்டர் கூடம் முழுக்க நடந்தார், என் தோளைப் பிடித்து உலுக்கினார், பிறகு பாஞ்சாலையைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணை மூடி, இன்னொன்றால் வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஊதாவா எங்க வூட்டுக்காரர் வயித்துல இருக்குது?"

"ஆமா. இதேதான்."

அவள் அழுதாள். இருசப்பனுக்காகவா, மேற்கு வரிசைக்காகவா என்று நான் கேட்கவில்லை. நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன், சாய நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

மனுஷர்களுக்குக் கொடுத்துப் பார்க்கக் கமிட்டி அனுமதி தருவதற்குள் எண்பத்துமூன்று வந்துவிட்டது. எலிகள் இருந்த கூடத்தில் கட்டில்கள் வந்தன. அந்தக் கூடம் நீளவாக்கில் இருப்பதால் கட்டில்களும் இரண்டு வரிசையாகத்தான் விழுந்தன, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்த முறை எந்த வரிசைக்கு மருந்து என்பது டாக்டருக்கே தெரியாது. மதராஸிலிருந்து ஆளுக்கொரு புட்டி, மேலே அவரவர் பெயர். ஒரு வரிசைக்கு மருந்து மாத்திரை, ஒரு வரிசைக்கு வெறும் மாவு மாத்திரை, பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது எந்த வரிசை என்ற விவரம் மதராஸில் முத்திரை வைத்த உறைக்குள் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் குடல் சுருங்கியவர்கள் வந்து படுத்தார்கள். கிழக்கு வரிசையில் இருசப்பன். அவருக்கு நேர் எதிரே மேற்கில் அன்வர் பாஷா, தேரடியில் டிரங்குப் பெட்டி செய்து விற்பவர், அவருக்கும் அதே தழும்பு.

டாக்டர் பாஞ்சாலையைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், மலையைப் பார்த்துச் சத்தியம் வாங்கினார். மாத்திரையைத் தொடமாட்டேன், கஞ்சி மட்டும் காய்ச்சுவேன். நான் சாட்சி. போதாததற்கு நாள் முழுக்க அவளைக் கண்காணிக்கிற வேலையும் எனக்கே வந்தது.

அவள் தொடவில்லை. புட்டிகள் கட்டிலுக்குக் கட்டில் தலைமாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் அந்தப் பக்கமே பார்க்காமல் கஞ்சி ஊற்றிவிட்டுப் போவாள். இருசப்பனுக்கு ஊற்றும்போது மட்டும் கை ஒரு கணம் நிற்கும். என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு மருந்து வரிசையா, ஏமாத்து வரிசையா?"

"தெரியாது பாஞ்சால. யாருக்கும் தெரியாது."

"நல்லதுதான். தெரிஞ்சா என் கை சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முதல் முறையாக எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. புருஷனுக்கு வெறும் மாவு போகிறதோ என்ற சந்தேகத்தை மாதக்கணக்கில் நெஞ்சில் வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சுவது சாதாரண விஷயமில்லை. நானாக இருந்தால் மதராஸுக்கு ரயிலேறி அந்த உறையைக் கிழித்திருப்பேன்.

தான் மட்டும் அடங்கினால் போதாது என்று, நோயாளிகளுக்கும் புத்தி சொன்னாள். கஞ்சி நேரத்தில் எலிக் கதையை விலாவாரியாகச் சொல்லி, "நான் பண்ணாப்ல யாரும் பண்ணிடாதீங்க, ஐயாவோட ஒழைப்பெல்லாம் வீணாய்டும்" என்று முடிப்பாள். எல்லாரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவு.

சோதனை முடிவதற்குள் இருசப்பன் இட்லிக்கு வந்துவிட்டார். அன்வர் பாஷா குழைந்த சோற்றுக்கு வந்துவிட்டார். படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் தரையில் கால் படாமல் நடந்தார். கமிட்டி உறையைப் பிரித்துக் கூட்டிக் கழித்துப் பார்த்துப் பதில் எழுதியது. இரண்டு வரிசையும் ஒரே அளவுக்குத் தேறியிருக்கின்றன. ஆகவே மருந்துக்குப் பலன் எதுவும் இல்லை. தேறியதற்குக் காரணம் நல்ல ஓய்வும், அங்கே கொடுக்கப்பட்ட கஞ்சியும். பணம் இத்துடன் நிறுத்தப்படுகிறது.

கஞ்சி! என் மைக்ராஸ்கோப்பு, என் நீலம், டாக்டரின் அத்தனை வருஷம், எல்லாவற்றையும் ஒரு கஞ்சி தின்றுவிட்டது. பாஞ்சாலைக்கு அது பாராட்டு என்றே புரியவில்லை. "என் கஞ்சியில இன்னாங்க இருக்குது, உப்பும் நொய்யும்தான்" என்று தேம்பினாள். புருஷன் தேறியதில் பாதி சந்தோஷமும், டாக்டர் தோற்றதில் பாதி துக்கமுமாகத்தான் வளையவந்தாள். டாக்டர் கூண்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டார். மிச்சமிருந்த தூளைப் பின்வாசல் சாக்கடையில் கொட்டினார்.

மறுவருஷம் அன்வர் பாஷா மண்டபம் கேட்டு வந்தார். மகள் அஜ்மத் பேகத்துக்குக் கல்யாணம். டாக்டர் நேர்மையாக மூன்று மாப்பிள்ளைகள் கதையைச் சொன்னார்.

"எங்க மாப்பிள்ள மல ஏற மாட்டாரு டாக்டர் சார். பிரியாணி வாசன வந்தா நடு வழியில இருந்தாலும் திரும்பிடுவாரு" என்றார் பாய். "ஆனா ஒரு கண்டிசன். பந்தி பாஞ்சாலம்மாதான் பரிமாறணும்."

மாப்பிள்ளை ஓடவில்லை. நிக்காஹ் முடிந்து பந்தி போட்டார்கள். அதே கூடம், அதே மேஜைகள், எதிரும் புதிருமாக அதே இரண்டு வரிசை. டாக்டரை நடுவில் உட்காரவைத்து ஒரு பக்கம் அன்வர் பாஷாவும் மறுபக்கம் இருசப்பனும் உட்கார்ந்தார்கள். நான் டாக்டருக்கு எதிரே. இருசப்பன் பிரியாணியைக் கத்திரிக்காயோடு பிசைந்து வாயில் போட்டு, கண்ணை மூடி விழுங்கி, அது உள்ளே எங்கெங்கே போகிறது என்று கவனிப்பது போலக் கொஞ்சம் காத்திருந்தார். எங்கும் நிற்கவில்லை போலிருக்கிறது. அடுத்த கவளம் பெரிதாக எடுத்தார். தூரத்தில் அண்டாவோடு நின்றிருந்த பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒரு முழு இலை. அவள் கேட்டது நடந்துவிட்டது.

அன்வர் பாஷாவுக்கு மனம் நிறைந்து ததும்பியது. டாக்டர் பக்கம் சாய்ந்தார்.

"உங்க மருந்து நல்ல மருந்து சார். அந்தக் கமிட்டிக்காரங்களுக்கு இன்னா தெரியும்? கஞ்சியாமே!"

"ரெண்டு வரிசையும் தேறிடுச்சே பாய். மருந்து இல்லாத வரிசையும் தேறினா எப்படி?"

"மருந்து இல்லாத வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தான?" என்று சிரித்தார் அன்வர் பாஷா. "பாஞ்சாலம்மா அந்த எலிக் கதையச் சொன்னாங்களா, எங்களுக்கு மனசே கேக்கல. அவங்க பாவம், சத்தியம் பண்ணிட்டாங்க. நாங்க பண்ணலையே. நான்தான் ஒரு தகர டப்பா செஞ்சு எடுத்தாந்தேன். ராத்திரி நீங்கள்லாம் போனதும் எல்லார் மாத்திரையும் அதுல கொட்டி, நல்லா குலுக்கி, ஆளுக்குச் சமமா எடுத்துக்குவோம். ஒரு நா கூட ஒருத்தருக்குக் கம்மி ஆனதில்ல சார், கேட்டுப் பாருங்க. இருசப்பண்ணந்தான் பங்கு பிரிப்பாரு. கை சுத்தம்."

டாக்டரின் கை பிரியாணியிலேயே நின்றது. அவர் மருந்து வேலை செய்திருக்கிறது. அதற்கு அத்தாட்சி இரண்டு பக்கமும் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. யாருக்கு எவ்வளவு மருந்து போனது என்று தெரியாததால், அதை எந்தக் கமிட்டிக்கும் எழுத வழியில்லை. தூள் சாக்கடையில் போய் ஒரு வருஷமாகிறது, மறுபடி செய்யப் பணம் கொடுப்பார் இல்லை. ஊர் உலகத்தில் குடல் சுருங்கி வாசனை பிடித்துக்கொண்டிருக்கிற மற்ற இருசப்பன்களுக்கு இனி அது கிடைக்காது. எனக்கு அப்போதே எழுந்து அந்த வரிசையையே உலுக்க வேண்டும் போலிருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது பாஞ்சாலை இரண்டாம் தடவை கறி வைத்துக்கொண்டே வந்து, சரியாக அன்வர் பாஷாவின் இலைக்கு முன்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நீயுமாய்யா?" என்றாள் இருசப்பனைப் பார்த்து.

இருசப்பன் தலையைத் தூக்கவில்லை. "உங்கூட இத்தினி வருசம் குடும்பம் நடத்திட்டு, வேற எப்பிடி இருப்பேன்?" என்றார் இலையிடம்.

அவள் மலையைப் பார்த்துச் செய்த சத்தியத்தை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் புட்டிகளைப் பார்க்காமல் அவள் கஞ்சி ஊற்றியதையும் நான்தான் பார்த்தேன். கரண்டியைக் கறியில் விட்டு எடுத்தாள். அன்வர் பாஷாவின் இலையைத் தாண்டினாள். கல்யாண வீட்டுக்காரர், பெண்ணைப் பெற்றவர், அவர் இலையையே தாண்டினாள். டாக்டர் இலையில் ஒரு கரண்டி வைத்தாள், மேலே இன்னொரு கரண்டி வைத்தாள். பிறகு, கையை நீட்டி இலையை நகர்த்திக் கொடுத்த இருசப்பனையும் தாண்டி, அதற்கு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கூடமே நின்றுவிட்டது. பாஞ்சாலை கையால் பந்தி வஞ்சனை அந்த ஊர் பார்த்ததில்லை.

இருசப்பன் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் கழித்துப் பசி வந்திருக்கிறது, இலைக்குக் கறி வரவில்லை. டாக்டர் தன் இலையில் குவிந்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பிடாத இடது கையால் கரண்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்து அள்ளி அன்வர் பாஷாவின் இலையில் வைத்தார், இருசப்பன் இலையில் வைத்தார், தனக்கும் விட்டுக்கொண்டார். நான் எதிரே இருந்து கவனித்தேன். மூன்றும் சரிசமமாக இருந்தன.